இடைவேளைக்குப் பிறகு நடந்த கதை

கொட்டகையில் இடைவேளை மணி அடித்ததும் மஞ்சள் விளக்குகள் எரியும். மற்ற பெண்கள் முறுக்கு விற்பவனைக் கூப்பிடுவார்கள், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார்கள். அம்மா மட்டும் எழுந்து, பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரிக்கிற இடுப்பளவுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுவருக்கு அப்பால் மணலில் உட்கார்ந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். விளக்கு அணைந்து படம் தொடங்கிய பிறகும் அவள் உட்காரமாட்டாள். "மறைக்குது, குந்தும்மா" என்று பின்னாலிருந்து குரல் வரும். நான்தான் அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பேன். அம்மா அங்கே தேடியது என் அண்ணனை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் தறிகாரர்கள் தெருவில் இருந்தோம். அப்பா பட்டு நெய்பவர். தன் மகன் தறிக்குழியில் இறங்கக்கூடாது, படித்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றான். அன்று மத்தியானம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா அவன் முன்னாலிருந்த தட்டைச் சோற்றோடு எடுத்துத் தெருவில் வீசினார். அக்கம்பக்கத்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தான். சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தோம். வரவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. "போனவன் போவட்டும்" என்று அப்பா வாயால் சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். ஆனால் தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தறிச் சத்தம் நின்றுவிடும். அந்தக் கால்கள் எங்கள் வாசலைக் கடந்து போன பிறகுதான் மறுபடி கேட்கும். தென்னேரி ஏரியில் ஒரு பையனின் உடல் ஒதுங்கியிருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை அம்மா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை, தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. அப்பா வந்து, "நம்ம பையன் இல்ல" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்படி இருக்கும்போதுதான் எதிர்வீட்டு அத்தை ஒரு சேதி கொண்டுவந்தாள். அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். "எங்கூட்டுக்காரு உம் மவனக் கொட்டாயில பாத்தாராம். தரை டிக்கெட்டுல குந்திக்கினு இருந்தானாம். கூப்புடுறதுக்குள்ள கூட்டத்துல பூட்டானாம்" என்றாள். அண்ணனுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். அன்று முதல் அம்மா, காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாலைக் காட்சிக்குப் போகத் தொடங்கினாள். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முகங்கள் தெரியும்படி விளக்கு எரிவதோ இடைவேளையில்தான். எனவே பாதிப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். படம் விட்டதும் ஆண்கள் வெளியே வரும் இரண்டு வாசல்களில் ஒன்றில் அம்மா நிற்பாள், மற்றொன்றில் என்னை நிறுத்துவாள்.

ஓடியது ஒரு சாதாரணப் படம். கள்ளக்கடத்தல் கும்பல், மாறுவேடம் போடும் கதாநாயகன், அவனோடு ஒட்டிக்கொண்டு திரியும் பயந்தாங்கொள்ளி நண்பன், கும்பல் தலைவனின் நல்ல மனசுக்கார மகள். கடைசியில் கிடங்கில் பெரிய சண்டை நடக்கும். எல்லாரையும் அடித்துப் போட்ட பிறகு போலீஸ் வரும். அதற்கு முந்தைய படமும் அப்படித்தான் இருந்தது, அதற்கடுத்து வந்ததும் அப்படித்தான். முதலில் அம்மா திரையைப் பார்த்ததே இல்லை. இருட்டில் சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எப்போதோ அவள் பார்வை மெல்லத் திரைக்குத் திரும்பியது. "இப்ப பாரு, அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்" என்று என் காதில் சொன்னாள். அவன் நின்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்து என்ன நடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்த ஒரே இடம் அந்தக் காலத்தில் அந்தக் கொட்டகைதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் அவள் சிரித்துவிட்டாள். பயந்தாங்கொள்ளி நண்பன் போலீஸ் உடை போட்டுக்கொண்டு கடத்தல்காரர்கள் நடுவில் காபி குடிக்கிறான். ஒட்டுமீசை காபிக்குள் விழுந்துவிடுகிறது. குவளைக்குள் விரலை விட்டுத் தேடி எடுத்து அவசரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொள்கிறான். எத்தனையோ முறை பார்த்த காட்சி. அன்று மட்டும் ஏனோ அம்மாவால் அடக்க முடியவில்லை. அம்மாவின் சிரிப்பு தனியாகத் தெரியும். முதலில் இரண்டு விக்கல், பிறகு மூச்சே விடாமல் ஒரு நீளமான கூவல். பம்பு செட்டு கிளம்புகிறது என்று அண்ணன் கேலி செய்வான். கொட்டகை முழுவதும் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தக் கூவல் மட்டும் கேட்டது. அப்புறம் அவளுக்கே அது உறைத்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, "நான் ஒரு பொம்பளயா" என்று தேம்பினாள். இடைவேளை விளக்கு எரிந்ததும் வழக்கம்போல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அண்ணன் இல்லை.

படம் மாறியது. அதற்குப் பிறகும் பல மாதங்கள் போனோம். ஒருநாள் அம்மாவே நிறுத்திவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆனது. அப்பா வாசல் பக்கம் காதை வைத்தபடியே ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார்.

அதற்கடுத்த வருஷம் அண்ணன் வந்தான். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். பெங்களூரில் லேத்துப் பட்டறையில் வேலை என்றான். வாசலில் நின்றபடியே காலியாகக் கிடந்த தறியைப் பார்த்துவிட்டு, "அப்பா எங்க?" என்று கேட்டான். நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டொரு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவனே பேச்செடுத்தான். ஊரை விட்டுப் போகாமல் கொஞ்ச காலம் லாரி ஷெட்டில் படுத்துக்கொண்டு இங்கேயேதான் இருந்தானாம்.

"ஒரு நாளு சினிமாவுக்குப் போனேன். படம் முடிஞ்சதும் வூட்டுக்குப் போயிடலாம், அப்பா அடிச்சா அடிக்கட்டும்னு முடிவு பண்ணிக்கினுதான் போனேன். இருட்டுல உன் சிரிப்பு கேட்டுச்சிமா. நாம இல்லன்னாலும் இவங்க சினிமா பாத்து சிரிச்சிக்கினுதான் இருக்காங்கன்னு நெனச்சேன். அப்பவே எழுந்து போயிட்டேன். லாரி நின்னுக்கினு இருந்துச்சி. ஏறிட்டேன்."

"உன்னத் தேடிக்கினுதான்டா அம்மா அங்க வந்தாங்க" என்று கத்தினேன். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா உடைந்துபோவாள் என்று பயந்து நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"சிரிச்சேன்பா" என்றாள். "அழுது அழுது செத்துப் போறாப்புல இருந்தேன். அந்த ஆளு காபில மீசையத் தேடினான். சிரிப்பு வந்துடுச்சி. அத இல்லன்னு சொல்லமாட்டேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"அப்ப மீதிப் படம் பாக்கவே இல்லியா நீ?"

"இல்லமா."

"அதுக்கப்புறம்தான் நல்லாருக்கும்" என்று அவனருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்ச கதைதானேமா."

"தெரிஞ்சா என்ன, கேளு."

சொல்லத் தொடங்கினாள். கிடங்குக்குள் எப்படி நுழைந்தார்கள், அந்தப் பயந்தாங்கொள்ளி எண்ணெய்ப் பீப்பாய்க்குள் எப்படி ஒளிந்தான், பீப்பாய் உருண்டு எத்தனை பேரைச் சாய்த்தது என்று ஒன்று விடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "இருப்பா, இன்னும் போலீசு வரல" என்றாள்.