பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் வருடத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். உள்ளங்கை அகலம், அதில் ஐந்து கோடுகள். இன்னும் ஆண்டவரை அறியாத ஐந்து பேரின் பெயரை எழுதி, பைபிளுக்குள் வைத்து, தினமும் ஜெபித்து, பேசி, பழகி, எப்படியாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சபைக்கு அழைத்து வந்துவிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில், அட்டையில் இருக்கும் யாராவது ஒருவர் மனம் இளகியிருந்தால் அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். நிற்பவர்களுக்கு மற்றவர்கள் கை தட்டுவோம். இரண்டு வருடமாக நான் உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டிக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். அவர் சபைச் செயலாளர். அட்டைகளை அச்சடித்து வாங்கி வருபவரே அவர்தான். "செக்ரட்டரி வூட்டு அட்டையே காலியா கெடந்தா, மத்தவங்கள நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேப்பேன்?" என்பார், அதுவும் ஞாயிறு மதியம் நான் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து. "நீங்க உங்க ஆபீஸ்ல அஞ்சு பேர புடிங்களேன்" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து அண்ணாமலை நகருக்கு நான் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். பெண்கள் விடுதி ஒன்றில் அலுவலக வேலை. ஆறு வருடமாக எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி உண்டு. மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் அடித்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவள். எங்கள் சபைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். வீட்டில் மாமியார் மாதிரியும் விடுதியில் வார்டன் மாதிரியும் திரிகிற நான், வயிறு வலிக்கச் சிரிப்பது அந்தப் பேருந்துப் பயணத்தில் மட்டும்தான். அவள் செவ்வாய், வெள்ளி அம்மன் கோயிலுக்குப் போவாள். அவள் பெயரை அட்டையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதிவிட்டால் அன்றிலிருந்து அவளோடு பேசும் பேச்சு எல்லாம் வேலையாகிவிடும் என்று பயந்தேன்.

போன வருடம் பொங்கல் கழிந்த மறு வாரம், பேருந்து ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் என் காதருகே குனிந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். குடி. ஏற்கெனவே இரண்டு முறை விட முயன்று பாதியில் திரும்பியவர். இப்போது அவராகவே கேட்டு, கடலூரிலேயே குடி மறக்க வைக்கும் ஒரு இல்லத்தில் சேர்ந்திருக்கிறார். மூன்று மாதம் இருக்க வேண்டும்.

"தெருவுல யாருக்கும் தெரியாதுக்கா. பெண்ணாடத்துல கரும்பு லோடு அடிக்க போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கோம். அவங்க அண்ணனுக்குகூட அப்பிடித்தான் சொல்லியிருக்கு. ஒருத்தருக்கு தெரிஞ்சாலும் அன்னிக்கே எந்திரிச்சி வந்துடுவேன்னு சொல்லி, என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினுதான் போனாரு. இந்த வாட்டி கோட்ட விட்டா ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றேன். சொல்லும்போது அது உண்மைதான்.

அவளுக்காக நான் நெஞ்சார ஜெபித்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்லப் போவதில் எனக்குப் பெருமை இல்லை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். வருபவர்கள் ஜெபக் குறிப்புகளைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; பாஸ்டர் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார்; எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். "ஆண்டவர்கிட்ட மொட்டையா கேக்காதீங்க, வெவரமா கேளுங்க" என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் விவரமாக எழுதினேன். என்னோடு தினமும் பேருந்தில் வரும் சகோதரியின் கணவர் குடியிலிருந்து விடுதலை பெறக் கடலூரிலேயே ஓர் இல்லத்தில் இருக்கிறார், கரும்பு லோடு அடிக்கப் பெண்ணாடம் போயிருப்பதாக ஊரில் சொல்லியிருக்கிறார்கள், மூன்று மாதமும் அவர் அங்கே தங்க வேண்டும், இதன் மூலம் அந்தக் குடும்பம் ஆண்டவரை அறிய வேண்டும்.

பெயர் எழுதவில்லை. அதனால் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். ஆண்டவரிடம் சொல்வது வெளியாளிடம் சொல்வதாகுமா? இன்னொரு எண்ணமும் உள்ளே இருந்தது, அதை மறைப்பானேன். இந்தக் குடும்பம் வந்தால் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கலாம்.

பாஸ்டர் அந்தச் சீட்டை வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் சபையின் மொட்டை மாடியில் தெருவைப் பார்த்து ஒரு குழாய் ஒலிபெருக்கி உண்டு, வழியில் போகிறவர்கள் காதிலும் வசனம் விழட்டும் என்று கட்டியது. எதிரே டீக்கடை. அவர் 'பேருந்தில் வரும் சகோதரி' என்றபோதே குனிந்திருந்த தலையை நிமிர்த்தினேன். முதுநகரில் நான் யாரோடு பேருந்து ஏறுகிறேன் என்று தெரியாதவர் யார்? பெண்ணாடம் வந்தது, கரும்பு லோடு வந்தது. எழுந்து ஓடி மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன். எண்பது பேர் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

திங்களும் செவ்வாயும் அவள் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை முகமெல்லாம் வீங்கி வந்தாள். ஞாயிறன்று அவள் வீட்டுக்காரரோடு சேர்ந்து குடிக்கும் இரண்டு பேர், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு, விசாரித்துக்கொண்டு அந்த இல்லத்துக்கே போய்விட்டார்களாம். "கேள்விப்பட்டோம்டா மச்சான், ஊரே பேசுது" என்றார்களாம். அவர் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பதினெட்டாம் நாள். திங்கள் காலையே குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீதான சொன்ன, உன்ன தவிர யாருக்கு தெரியும்னு கேக்குறாருக்கா. அடிக்கக்கூட இல்ல. அடிச்சாலும் பரவால்ல. நான் போட்ட சோத்த தொட மாட்டேங்குறாரு." பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இல்லத்து ஆளுங்கதான் யாரோ சொல்லிட்டாங்க போல. நீங்க ஜெபம் பண்ணுங்கக்கா. உங்க சாமியாச்சும் கேக்கட்டும்."

நான் ஜன்னலோரம். அவள் வெளிப்பக்கம். நடுவழி முழுக்க நின்றுகொண்டு வரும் கூட்டம். இறங்கவும் இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "பண்றேம்மா" என்றேன். சிதம்பரம் வரும் வரை அவள் என் கையை விடவில்லை. மறுநாளும் அதே இருக்கை, அதற்கு மறுநாளும் அதேதான். அவள் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுக் கை காட்டிக் கூப்பிடுவாள். ஆறு வருடம் ஆசையாக ஏறிய பேருந்தில் ஏற எனக்குக் கால் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். "சொல்லித் தொலைச்சிடாத. சபைக்குத்தான் கெட்ட பேரு. இந்த வேதனையிலதான் மனசு தொறக்கும், இப்பத்தான் நீ பேசணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்டரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மைக்குல வாசிச்சது என் தப்புதாம்மா. முன்னாடி ஒரு பார்வ பாத்திருக்கணும். ஆனா நீ போயி சொன்னா அந்த ஆத்துமா இனிமே நம்ம வாசலையே மிதிக்காதே" என்றார். இருவருமே ஆத்துமாவைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். சோற்றைத் தொடாமல் ஒருவன் குடித்துக்கொண்டிருப்பதைப் பற்றி நானாவது கவலைப்பட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறு வந்தது. யார் எழுந்து நிற்கிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டதும், ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். கையில் எங்கள் வீட்டு அட்டை. முதல் கோட்டில் அவள் பெயர், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில். என்னைக் கேட்கவே இல்லை. வீட்டார் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது முறை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் முதுகைத் தட்டி, "எந்திரிம்மா, கூச்சப்படாத" என்றார். எழுந்தேன். கை தட்டினார்கள். தட்டி முடியும் வரை நிற்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அசிங்கப்பட்டதில்லை.

மறுநாள் பேருந்தில் ஏறியதும் சொல்லிவிட்டேன். முன்னுரை எதுவும் போடவில்லை. "இல்லத்து ஆளுங்க சொல்லல. நான்தான். சபையில ஜெபக் குறிப்பு எழுதுனேன், மைக்குல வாசிச்சிட்டாங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். என் மடியில் கிடந்த அவளுடைய பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பரங்கிப்பேட்டை பிரியும் சாலை போனது, வெள்ளாற்றுப் பாலம் போனது. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகுதான் திரும்பினாள்.

"சாயந்தரம் வூட்டுக்கு வாங்க. அவுருகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது, ஆனால் அப்போது நிதானமாகத்தான் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று ஏதாவது சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அதெல்லாம் போன இடம் தெரியவில்லை. "தப்பு என்னோடதுங்க. உங்க வூட்டுல ஒரு வார்த்த வெளிய சொல்லல" என்றேன்.

"எத்தன பேரு இருந்தாங்க உங்க கோயில்ல?"

"எண்பது பேர் இருக்கும்."

"எண்பது பேரும் எனக்காக வேண்டிக்கிட்டாங்களா?"

"ஆமாங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் புரியாதவர் கேட்பதுபோல் மெதுவாகத்தான் கேட்டார். "எண்பது பேரு வேண்டிக்கிட்டீங்க. ஒருத்தர்கூட வந்து பாக்கலியே. பழம் வாங்கிக்கினு வந்தது என்கூட குடிச்சவனுங்க ரெண்டு பேருதான்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப நீ சொல்லல" என்றார். "நான் சொல்லலன்னு எத்தன வாட்டி சொன்னேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வாய்விட்டு அழுதாள். யாரும் போகச் சொல்லாததால் நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் அட்டையை எடுத்து, முதல் கோட்டில் இருந்த பெயரை ஸ்கேல் வைத்து அடித்தார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

பத்து நாள் அவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். சில நாள் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பதினோராம் நாள் என் பக்கத்து இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் வரை முன் இருக்கையையே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலே பேசினாள்.

"அவுரு மறுபடியும் சேர்ந்துட்டாரு. வேற ஊரு."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஸ்தோத்திரம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"எங்கன்னு கேக்காதீங்கக்கா. ஜெபமும் பண்ண வேணாம்."

"சரிம்மா" என்றேன். கிறிஸ்தவர்களில் அவள் கிட்டத்தில் இருந்து பார்த்தது என் ஒருத்தியைத்தான்.