டீனின் கடவுச்சொல்

குஸ்ரினிக்குக் கோபம் வந்தால் கீபோர்டுதான் அடி வாங்கும். இந்தோனேசியாவின் சமாராங்கில் ஒரு பல்கலைக்கழகக் கணினி அறையில், இணையக் கணக்குகளைத் திறப்பதும் பூட்டுவதும் அவள் வேலை. அந்த ஊரில் அம்மா என்பதற்கு 'இபு', ஐயா என்பதற்கு 'பாக்'. கல்யாணம், விவாகரத்து, மகளின் கல்யாணம் எல்லாம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்து முடிந்தன. டீன்கள் வந்தார்கள், போனார்கள். ஏசி மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அன்று வந்து நின்ற நிங்ரும் என்ற மாணவிக்கு அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"இபு, என் கணக்கு பூட்டிக்கெடக்கு. ஆய்வேட்டுத் தேர்வுக்குப் பதிவு பண்ண இன்னிக்கு சாயங்காலம்தான் கடைசி. விட்டா அடுத்த பருவம். சுரபாயாவுல கெடச்ச வேலை போயிடும்."

"பாஸ்வேர்ட யாருகிட்ட குடுத்தே?"

"ரூம்ல இருக்கறவகிட்ட. அப்பா தவறிட்டாரு, ஊருக்குப் போனேன். கடைசி அத்தியாயத்த ஏத்திடுடின்னு சொல்லிட்டுப் போனேன்."

அந்த ஊரில் எதையும் யாரிடமும் ஒப்படைக்கலாம். சந்தைக்குப் போகிறவரிடம் தெம்பே என்ற சோயாக்கட்டி வாங்கிவரச் சொல்லலாம், வகுப்புக்குப் போகிறவளிடம் வருகைப் பதிவையே ஒப்படைக்கலாம். கடவுச்சொல்லும் அப்படித்தான் கைமாறியது. விடுதியே நிங்ருமின் கணக்கில் கொரிய நாடகம் பார்த்துவிட்டது. ஒரே கணக்கு மூன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் ஓடினால் பருவம் முடியும்வரை பூட்டு, விதிவிலக்கே கிடையாது என்பது டீன் தர்சோனோ போட்ட விதி.

ஆனால் அந்த விதி வந்த அன்றே முதலில் மாட்டியது டீனின் கணக்குதான். அவர் செயலாளர் யத்னோ போன் செய்து, டீனுக்கு மட்டும் விலக்கு வைக்கச் சொன்னார். குஸ்ரினி பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அது இன்னும் அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

யத்னோவை அழைத்தாள்.

"அப்பன் செத்துப்போன பொண்ணு, பாக். ஒரு நாளைக்குத் தெறந்து விடறேன்."

"ரூல்னா ரூல்தான், இபு. பசங்களுக்கு ஒழுக்கம் வேணும்னு டீன் சொல்லியிருக்காரு."

"டீன் பாலியில இருக்காரு. அவரு கணக்கு அவரு போன்ல ஓடுது, உங்க மேசையில ஓடுது, டிரைவர் போன்ல ஓடுது, அவரு மச்சான் பையன் அதுல கேம் ஆடறான். இது எந்த ஊரு ஒழுக்கம்?"

"பெரியவங்க விஷயம் நமக்கு எதுக்கு?"

அவ்வளவுதான். போனை வைத்தாள். டீனுக்குக் கொடுத்திருந்த விலக்கை எடுத்தாள். மிச்சத்தை இயந்திரமே பார்த்துக்கொண்டது; கணக்கு பூட்டிக்கொண்டது.

தேர்வுப் பதிவு ஒவ்வொன்றுக்கும் டீனின் ஒப்புதல் வேண்டும். அதை டீன் பெயரில் தட்டிக்கொண்டிருந்தவர் யத்னோ. அத்தனையும் நின்றுபோனது. சற்று நேரத்தில் பாலியிலிருந்து டீனே போனில் கத்தினார்.

"ஒடனே தெறங்க!"

"எப்படி பாக் தெறக்கறது? விதிவிலக்கு கெடையாதுன்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க? பூட்டு வேணாம்னு ஒரு வரி அனுப்புங்க. எல்லாத்தையும் தெறக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. இல்லன்னா ஒண்ணையும் தெறக்க மாட்டேன்."

வாட்ஸ்அப்பில் அந்த ஒரு வரி வந்தது. நிங்ருமின் கணக்கை முதலில் திறந்தாள், டீனுடையதைக் கடைசியில். கடைசி நேரம் முடியும் முன் நிங்ருமின் பதிவு ஏறிவிட்டது. அவள் குஸ்ரினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போ, போய் ஏதாவது சாப்பிடு" என்று குஸ்ரினி அதட்டினாள்.

மறுவாரம் மாற்றல் உத்தரவு வந்தது. வாகன நிறுத்தத்தின் வாசலுக்கு. அவள் கோபத்தைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் காலையிலேயே ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் டீனின் மச்சான் பையன். கண்ணாடியை இறக்கி ஓர் அனுமதி அட்டையை நீட்டினான்.

"டீன் கார்டு, இபு."

குஸ்ரினி அட்டையைப் பார்த்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டீன் எங்கடா?"

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவள் தடுப்புக் கம்பத்தைத் தூக்கவில்லை.