பக்கத்து ஊர்ச் சுற்றுலாப் பயணி

மெட்ரோ லஸாருக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊர் ஸோரியாவில் எல்லோரும் முதலில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான். என்ன செய்வது, மனிதர் அப்படி.

தலை நரைக்கும்வரை அவர் ஓட்டியது கிரேடர். சரளைச் சாலையின் மேடுபள்ளத்தைச் சுரண்டிச் சமன் செய்யும் மஞ்சள் வண்டி. கனடாவின் சஸ்காட்செவனில் எங்கள் பக்கத்தில் அது போகாத ஊரே கிடையாது. ஆனால் நத்தை மாதிரி ஊர்கிற வண்டியில் வேலை பார்ப்பவனுக்கு, நின்று வேடிக்கை பார்க்க நேரம் ஏது? "எல்லா ஊரோட முதுகத்தான் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல" என்பார்.

வேலை ஓய்ந்த கையோடு மனைவி ஸ்டெல்லாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்ற நாட்களை எப்படியோ ஓட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் உட்கார்ந்தால் மட்டும் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். பார்க்காமல் விட்ட மூஞ்சிகளைப் பார்க்கலாமென்று வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் சமவெளி ஊர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு தானியக் கோபுரம், ஒரு தபாலாபீஸ், ஒரு பனிச்சறுக்கு மைதானம் என்று எல்லா ஊரும் ஒரே அச்சு. நெடுஞ்சாலையில் போகிறவன் எதற்காகப் பிரேக்கை மிதிக்க வேண்டும்? அதற்காக ஆளாளுக்கு எதையாவது பிரம்மாண்டமாகக் கட்டி நிறுத்துவார்கள். ஒரு ஊரில் வீட்டுயரக் காபிக் கெண்டி. இன்னொன்றில் தகரத்தில் சூரியகாந்தி. எங்கள் ஊரில் சிமெண்டில் ஒரு பூண்டு. வெங்காயம் என்று நினைத்துப் படமெடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம். மெட்ரோ ஒன்றையும் விடவில்லை. இரண்டு தலைக் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் அடைத்து வைத்திருக்கும் ஊரில், எந்தத் தலை பால் குடித்தது என்று விசாரித்துவிட்டுத்தான் திரும்பினார்.

இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒரு ஜூன் மாதம் லிண்டன்டாலில் போய் மாட்டினார். அது மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர். பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. பார்க்க வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. வண்டிக்குள் கிடந்த மடக்குப் போனை எடுத்துக் கூப்பிட்டார்.

"உங்க மியூசியத்தப் பாக்கணுங்க."

 "நெசமாவா?" என்றது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்.

ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்த கையோடு, முழங்கைவரை ஊதாக் கறையோடு, சாவியைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஜஸ்டினா ஹார்டர். அவரும் துணையை இழந்தவர்தான். கதவை இடுப்பால் ஓர் இடி இடித்துத் திறந்தார். "இது வெண்ணெய் கடையுற பீப்பாய். இது ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி. இது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு நகருங்க."

மெட்ரோ வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டெல்லா போன பிறகு அப்படிச் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறும் போனார், தொப்பியைச் சரியாகப் பார்க்கவில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு பீப்பாயைப் பார்க்க வேண்டுமாம். ஜூலை முடிவதற்குள் மற்ற ஊர்களை அடியோடு மறந்தார். ஜஸ்டினாவும், இவர் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல், ஞாயிறு மதியமானால் பிளாட்பார பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடக்கிறதென்று மெட்ரோவின் நினைப்பு. தெக்லாவின் காபிக் கடையில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

"யோவ் மெட்ரோ, அந்தப் பீப்பாய இன்னுமா பாத்து முடிக்கல? இந்நேரம் வெண்ணெயே எடுத்திருக்கலாமேய்யா" என்பார் அவருடைய சிநேகிதர் நெஸ்டர் பாபியுக்.

"சும்மா இரு நெஸ்டர், அவருக்கு வரலாறுன்னா உசுரு" என்று தெக்லா காபியை ஊற்றுவாள்.

"உங்களுக்கெல்லாம் பொது அறிவே கிடையாதுய்யா" என்று மெட்ரோ காது சிவக்க எழுந்து போவார்.

ஆகஸ்ட் கடைசியில்தான் இடி விழுந்தது. "பனி விழறதுக்கு முன்னாடி கால்கரிக்குப் போறேன். மக மார்லிஸ் அங்க வீடு பாத்துட்டா. லிஃப்ட் வச்ச கட்டடமாம்" என்றார் ஜஸ்டினா, தொப்பியைத் துடைத்துக்கொண்டே.

 போகாதீங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டிய மனிதர் சொன்னது என்ன தெரியுமா? "அங்க காத்து கொஞ்சம் கம்மிதான்."

அட மனுஷா, வாயில் என்ன கொழுக்கட்டையா? வழி நெடுக அவரே தன்னைத் திட்டிக்கொண்டுதான் வீடு வந்தார். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஜஸ்டினா போய்விட்டால் ஞாயிறு பழையபடி ஆகிவிடும் என்ற பயம்தான். கடைசியில், வருகிற ஞாயிறு கேட்டே விடுவது என்று முடிவு கட்டினார்.

அன்றைக்குத் தோட்டத்தில் பூத்திருந்த கிளாடியோலஸ் பூவையெல்லாம் வெட்டிக் கட்டி முன்சீட்டில் வைத்தார். கசகசா ரொட்டி ஒன்று தானே சுட்டார், ஒரு பக்கம் தீய்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று அதையும் வைத்தார். தைரியத்துக்கு ஒரு காபி குடிக்கலாமென்று தெக்லா கடையில் நிறுத்தினார். அங்கேதான் வினை.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுத்தான் இறங்குவோம். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், என்னைத் திருடன்னு நெனச்சியா என்று மற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வாசலில் நின்ற வண்டிகளோ அத்தனையும் வெள்ளைப் பிக்கப். சொல்ல வேண்டியதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்த மெட்ரோ, கைக்கு எட்டிய முதல் வெள்ளை வண்டியில் ஏறி, சாவியைத் திருகி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

லிண்டன்டாலில் இறங்கி, பூவை எடுக்க அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டில் நெஸ்டரின் எண்ணெய்ச் சட்டைதான் கிடந்தது. பின்னால் சாக்குப் போட்டு மூடிய கூண்டிலிருந்து, அதுவரை சரளைக் கல் சத்தத்தில் கேட்காத ஒரு கூச்சல். மச்சானுக்குக் கொடுப்பதற்காக நெஸ்டர் ஏற்றி வைத்திருந்த மூன்று பெரிய வாத்துகள்.

என்ன இழவு இது என்று மெட்ரோ சாக்கை விலக்கியதுதான் தாமதம், ஒரு வாத்து மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு குதித்து, தண்டவாளம் இருந்த பக்கமாக ஓடியது. பெஞ்சிலிருந்து எழுந்த ஜஸ்டினா நாலே எட்டில் அதன் இறக்கையைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, மெட்ரோவின் கக்கத்தில் திணித்தார்.

"இது மியூசியத்துக்கா, எனக்கா?"

மெட்ரோ அசடு வழிய நின்றார். முணுமுணுத்து வைத்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஜஸ்டினாவின் ஏப்ரன் பையில் போன் அடித்தது. அடித்தது நெஸ்டர். மெட்ரோவின் வண்டியில் கிடந்த மடக்குப் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து கூப்பிட்டிருந்தது ஒரே ஒரு நம்பர்.

"அம்மா, மெட்ரோ அங்க இருக்கானா? என் வாத்து அவன்கிட்ட மாட்டிக்கிச்சு. அவன் பூவும் ரொட்டியும் இங்க கெடக்கு. எல்லாம் உங்களுக்குத்தான். அவன் எப்படியும் வாயத் தொறக்க மாட்டான், அதான் நானே சொல்லிட்டேன்." நெஸ்டர் பேசினால் பக்கத்து வயலுக்கும் கேட்கும். மெட்ரோவுக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

ஜஸ்டினா போனைக் கீழே இறக்கினார். "அவர் சொல்லிட்டார். நீங்க சொல்லுங்க."

"உங்க மியூசியம் எனக்குக் கொஞ்சங்கூடப் புடிக்கலங்க" என்றார் மெட்ரோ. "ரெண்டாந்தடவையே அலுத்துப்போச்சு."

"எனக்கு மொதத் தடவையே."

"கால்கரிக்குப் போகாதீங்க." சொல்லிவிட்டார். குரல் உடைந்ததைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. "இங்கயே இருங்க. எனக்கு நீங்க வேணும்."

 சூரியன் கண்ணில் அடித்ததோ என்னவோ, ஜஸ்டினா ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

"மார்லிஸ், அம்மாதான். நான் அங்க வரலம்மா… உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்… வீடு நல்ல வீடுதான், யாரு இல்லேன்னா? கேளு. உங்கப்பா இங்க வான்னார், வந்தேன். நீ அங்க வான்னே, மூட்டை கட்டுனேன். இருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னக் கேட்டதில்லம்மா. இன்னிக்கி ஒருத்தர் கேட்டுட்டார்."

மெட்ரோ அந்த வாத்தைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்தபடி, அது கையைக் கொத்துவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.