பியோ ஐயா பார்த்த பிரேக்

கொரியாவின் பூசான் நகரத்து மலைச்சரிவுச் சந்துகளில் ஒக்புன் வருவதை அவள் வண்டிக்கு முன்பே அவள் வாய் சொல்லிவிடும். குளிர்பெட்டி வைத்த மின்சார வண்டியை நின்றபடியே ஓட்டி வருவாள். வண்டியும் தொப்பியும் புளித்த பால் விற்கும் கம்பெனி கொடுத்தவை. வாய் மட்டும் சொந்தம்.

சாப்பாட்டுக் கடையை இழுத்து மூடியபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். இந்தக் கம்பெனியோ அப்படிப்பட்ட பெண்களாகவே தேடிப் பிடித்து வண்டி கொடுத்தது. கூடவே ஒரு பொறுப்பும் வந்தது. தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கம்பெனி செலவில் தினம் ஒரு பாட்டில். கதவில் தொங்கும் பையில் போட வேண்டும். நேற்றுப் போட்டது அப்படியே கிடந்தால் கதவைத் தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் வார்டு அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும். யாரும் உள்ளே செத்துக் கிடந்து, நாற்றம் வந்து ஊருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பியோ ஐயா வீட்டுப் பை எப்போதும் காலி. மனிதர் சமத்து என்றுதான் ஒக்புன் நினைத்திருந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு பாங் அம்மாள் வண்டியை மறித்தாள். மகன், மருமகள் என்று குடும்பத்தோடு இருப்பவள்.

"தங்கச்சி, தினமும் ஒரே ருசியா இருக்கு. நாளைக்கு அந்தப் பையில திராட்சை ருசி போடேன்."

குடைந்து கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. வண்டி திரும்பியதும் பாட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்லி பியோ ஐயாவே ஏற்பாடு செய்திருக்கிறார். அதாவது அவர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் பை காலியாகத்தான் இருக்கும். ஒக்புனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போய்க் கதவை இடித்தாள்.

"ஏன்யா, நீங்க போய்ச் சேந்தாக்கூட பாங் அம்மா பால் குடிச்சுக்கிட்டே இருப்பாங்களா?"

"கதவுல பை தொங்குனா, இவனுக்கு நாதியில்லன்னு போர்டு மாட்டுன மாதிரி. ஓசிப் பால் எனக்கு வேணாம்."

இந்த வீம்புக்கு உபதேசம் எடுபடாது. மறுநாள் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறக்கத்தில் பிரேக் ஒரு மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். அப்பட்டமான பொய். பியோ ஐயா குனிந்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். நிலைமை ரொம்ப மோசம், தினமும் பார்த்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து துணியும் கையுமாகத் தெருமுனையில் அவரே காத்திருந்தார். கூலியாக ஒரு பாட்டில். ஊர் பார்க்க, நின்றுகொண்டே குடிப்பார். கூலி வாங்கிக் குடிப்பதில் என்ன வெட்கம்?

அவர் வண்டியைத் துடைக்கும் நேரத்தில் ஒக்புன் தன் கதை முழுவதையும் கொட்டுவாள். கணவன் போனது, மகள் தலைநகர் சியோலில் இருப்பது, பொதுக் குளியல் கூடத்துக்குப் பின்னால் நீலக் கதவு வீட்டில் தான் மட்டும் இருப்பது. அவர் காது கொடுப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

குளிர்காலத்தில் ஒருநாள் வண்டி வரவில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் போயிருப்பாள் என்றாள் பாங் அம்மாள். பியோ ஐயா கம்பெனிக்கே போன் போட்டார். பாட்டிலுக்கு வேறு ஆள் அனுப்புகிறோம் என்று அங்கே ஒரு பையன் பணிவாகச் சொன்னான்.

"பால் கெடக்கட்டும் தம்பி. பால்காரம்மா எங்கே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் சரிவில் இறங்கினார். நீலக் கதவைத் தட்டியதும் உள்ளிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு வசவு வந்தது. அந்த வசவைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை உடைத்துக்கொண்டு கிடந்தாள் ஒக்புன். ஆம்புலன்ஸ் வரும்வரை தன் கோட்டை அவள்மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் பை பாத்தியே, உன் கதவுல ஏன் மாட்டல?"

அந்த வாய்க்காரி கோட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டுப்போட்டு வீடு திரும்பியபோது நீலக் கதவில் பியோ ஐயாவின் பை தொங்கியது. தினமும் காலையில் மாற்றாளிடம் காசு கொடுத்து வாங்கி, பாட்டிலைப் போட்டுவிட்டு, அவள் நொண்டி வந்து எடுக்கும்வரை நகர மாட்டார். ஊருக்கெல்லாம் விற்றவளுக்கு அந்தப் புளிப்பே ஆகாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஓசிப் பால் எனக்கும் வேணாம்" என்றாள்.

"யாரு ஓசின்னா? பொய் சொன்னதுக்குக் கூலி. உன் பிரேக்குக்கு ஒண்ணுமே இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

ஒக்புன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மேட்டில் ஏறினார்.