அம்மா எடுத்த மானிட்டர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுப் பழைய டப்பா மானிட்டர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் நடுவில் உயிரை விட்டது. காரைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் டி.டி.பி. கடை. கல்யாணம், காதுகுத்து, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று எது வந்தாலும் அம்மா தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவாள். அப்பாவுக்குப் புதுவயல் அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை.

மானிட்டர் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் வைடு ஸ்கிரீன் வந்திருந்தது. அதில் கிரிக்கெட் பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். எங்களுடையதில் ஆட்டக்காரர்களைப் பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி இருக்கும். அப்பாவும் என் கட்சி என்றே நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அந்த வீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

அம்மாவின் கவலை வேறு. மானிட்டர் போவதற்கு முந்தைய தை மாதம் ஒரு பத்திரிகையில் பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப்போனது. பழைய திரையில் பக்கத்தின் மேல்பாதி தெரிந்தால் கீழ்பாதி தெரியாது. மேலே ஒரு வரியைக் கூட்டியதில் கீழே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடியதை அம்மா கவனிக்கவில்லை. தாய்மாமன் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "நான் என்ன செத்தா போயிட்டேன்? எம்பேரு எங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. பத்திரிகை முழுவதையும் திரும்ப அச்சடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் மேலும் கீழும் இழுத்து இழுத்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்.

புது மானிட்டர் வாங்க மூவரும் கடைக்குப் போனோம். மேசையில் ஒரு வைடும் ஒரு சதுரத் திரையும் இருந்தன. கடைக்காரர் அப்பாவுக்கு நாற்காலி போட்டார்.

"வைடே எடுங்க சார். இப்ப எல்லாரும் அதத்தான் கேக்குறாக."

நான் பலமாகத் தலையாட்டினேன். அம்மா பென் டிரைவை நீட்டினாள். "ரெண்டுலயும் இந்தப் பத்திரிகையப் போட்டுக் காட்டுங்க."

இரண்டும் ஒரே அங்குல அளவுதான். வைடில் முழுப் பக்கத்தையும் கொண்டுவந்தபோது எழுத்து எறும்பாகச் சிறுத்தது. இரண்டு ஓரமும் வெறுமனே கிடந்தன. சதுரத் திரையில் அதே பக்கம் உயரமாக நின்றது. கடைசி வரியை அம்மாவால் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. திரும்ப வைடுக்கு வந்து, பழைய பிரதியையும் திருத்திய பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது முகத்தில் தெரிந்தது.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "வீட்டுல சும்மா தட்டுறதுக்கு எதா இருந்தா என்ன சார்? வைடுன்னா பாப்பா படமும் பாக்கும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வேலை அவுகளுது. நான் நெல்லு மூட்டை பாக்குற ஆளு. அவுகள்ட்டக் கேளுங்க."

வீட்டில் அப்பா அம்மாவை "ஏய், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். அதனால் "அவுக" என்று மரியாதையாகச் சொன்னதும், எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரையும் காணோம். கடைக்காரர் அந்த நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"சொல்லுங்கக்கா, எப்படி வேலை பாப்பீக?"

அம்மா உட்கார்ந்தாள். "ரெண்டு பக்கம் வச்சுப் பாக்குறது எப்பவாச்சும்தான். அன்னாடம் பாக்குறது ஒரு பக்கம். அது முழுசாத் தெரியணும். ஸ்கொயரே கட்டுங்க."

ஆட்டோவில் பெட்டி அப்பாவின் மடியில் இருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்காமல், "கடையில அவுக அவுகன்னீகளே, யாருப்பா அது?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கன்னம் மட்டும் சிரிப்பில் உப்பியிருந்தது.

பாதியில் நின்ற பத்திரிகையை அம்மா அன்று மாலையே முடித்தாள். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. நானோ, கண்ணுக்குத் தெரியாமல் கடையில் நின்ற அந்தப் பெரிய மனிதருக்குப் பயந்துதான் அப்பா எங்கள் வைடு ஸ்கிரீனை விட்டுக்கொடுத்தார் என்று முடிவு கட்டி, அப்பாமேல் வெகுநாள் கோபமாக இருந்தேன்.