அண்ணன் விலகிக் கொடுத்த கடைசிச் சுற்று

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எனக்கோ முதல் வரியிலேயே குழப்பம். சொந்த ஊர் என்று எதைப் போடுவது? பிறந்து வளர்ந்தது ரங்கூன். தாத்தாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே அண்ணன் கால் வைத்ததே இல்லை. மயிலாப்பூர் என்று போடலாம் என்றால் சித்தப்பா முகத்தைச் சுளிக்கிறார். ரங்கூனில் எங்களை அந்நியர்கள் என்றார்கள். இங்கே வந்தால் பர்மாக்காரர்கள்.

அப்பாவின் கடை அங்கே பறிபோனதும் கப்பலேறி வந்தோம். மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனம், அப்பாவுக்குத் தி.நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. ரங்கூனில் நெடுந்தூர ஓட்டத்தில் பேர் வாங்கியிருந்த அண்ணன், இங்கே கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சாந்தோம் மணலில் ஓடினார். "இன்னா நைனா, எவன் தொர்த்திக்கினு வர்றான்?" என்று மீனவர்கள் கேட்பார்களாம். அண்ணன் சிரித்துவிட்டு ஓடுவார். சில ஆண்டுகளில் மாநில அணிக்கும் பிறகு இந்திய அணிக்கும் வந்துவிட்டார். நாட்டின் பெயர் போட்ட அந்தப் பனியனை அம்மா யார் துணியோடும் சேர்க்காமல் தனியாகத் துவைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு பன்னாட்டுப் போட்டி வந்தது. அண்ணன் வென்றால் ஓர் அலுவலகத்தில் நிரந்தர வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். குடும்பமே அதை நம்பியிருந்தது. பர்மா அணியில் வந்திருந்தவர் கோ லின். ரங்கூனில் ஏரிக்கரையில் அண்ணனோடு தினமும் ஓடியவர். என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். இருவருக்கும் அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு சுற்றுக்கு ஒருவர் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார். சுற்று முடிந்ததும் வெளிப்பக்கம் விலகி மற்றவருக்கு வழி விடுவார்.

அன்று கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அண்ணன் முன்னால் இருந்தார். கோ லின் அவர் முதுகை ஒட்டி வந்தார். அண்ணன் சட்டென்று வெளிப்பக்கம் விலகினார். கோ லின் உள்ளே புகுந்து ஓடிவிட்டார். நான் கை தட்டினேன். யாருக்குத் தட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

வேலை போயிற்று. அணியிலும் அதன்பின் இடமில்லை. "வேணும்னேதான் வழி வுட்டான், பர்மாக்காரன்தானே" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏம்ப்பா விலகுன?"

"என் முறை முடிஞ்சிருச்சுப்பா."

நட்புக்காகச் செய்தாரா, கால் பழக்கத்தில் போய்விட்டதா? அம்மா ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார். அண்ணன் அடையாற்றில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார், திருமணம் செய்துகொண்டார், ஒருவரையும் குறை சொன்னதில்லை.

இதயம் பலவீனமானபின், நடக்கச் சொன்னார் மருத்துவர். திருவான்மியூர்க் கடற்கரையில் நான் துணைக்குப் போவேன். அங்கேயும் அதே பழக்கம்தான். காற்றுக்கு எதிரே அவர் முன்னால் நடப்பார். கவிழ்த்துப் போட்டிருக்கும் படகு வந்ததும் விலகி என்னை முன்னால் விடுவார். "நோயாளி நீங்களா நானா?" என்று கேலி செய்வேன்.

போன வருடம் ஒரு நாள் படகு வருவதற்கு வெகு முன்பே விலகினார். காரணம் கேட்கத் தோன்றவில்லை. நான் முன்னால் போய்விட்டேன். படகருகே திரும்பிப் பார்த்தபோது அவர் மணலில் உட்கார்ந்திருந்தார், என்னைப் போகச் சொல்லிக் கையை அசைத்தபடி.

அவரைத் தூக்கி வந்த மீனவ நண்பர்களுக்கும், மருத்துவமனையில் கூடவே இருந்த பட்டறைத் தோழர்களுக்கும், அண்ணியைத் தனியாக விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விவரம் தெரிந்து கோ லின் ரங்கூனிலிருந்து அண்ணிக்கு ஒரு கைலி அனுப்பியிருக்கிறார், அவருக்கும் நன்றி.

சொந்த ஊர் என்ற இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். சித்தப்பா மன்னிக்க வேண்டும். இப்போதும் காலையில் அந்தக் கடற்கரையில் நடக்கிறேன். படகு தாண்டியதும் என் கால் தானாக வெளிப்பக்கம் விலகுகிறது.