புதுச்சத்திரத்தில் ஒட்டிய ரேடியேட்டர்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து கார் கிளம்பும்போது காலை ஒன்பதரை. வைகாசி வெயில் அதற்குள் சாலையின் குறுக்கே கால்நீட்டிப் படுத்திருந்தது. எனக்கு வேலை என்று ஒன்றுமில்லை. ஜேடர்பாளையத்தில் காவிரித் தடுப்பணையைப் பார்க்கவேண்டும், கல்யாணத்துக்குப் போகும் வாடகைக் காரில் முன்சீட்டு காலியாக இருந்தது, ஏறிவிட்டேன். ஓட்டியவர் சென்னியப்பன். பின்சீட்டில் பாவாயி, மடியில் மூங்கில் கூடை, கூடைக்குள் கூறைச்சேலை.

"எங்கண்ணனுக்கு நாளைக்குக் கல்யாணமுங்க. இன்னிக்குப் பொழுதோட இணைச்சீரு. நாந்தான் நிக்கோணும்."

இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு உரிய சடங்கு. கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவள் பிடிக்க, மறுதலைப்பை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

"நேரத்துக்குப் போகாவிட்டால்?"

"பெரியப்பன் மக ஒருத்தி இருக்கறா. எப்படா கூப்புடுவாங்கன்னு புதுச்சேலை கட்டி உக்காந்திருப்பா. வேற சேலையைக் குடுத்து அவளை நிறுத்திப்போடுவாங்க."

ஆண்டகளூர் கேட்டில் டீ குடித்தோம். புதுச்சத்திரத்தை நெருங்கும்போது கார் முகத்தில் ஆவி எழுந்தது. சென்னியப்பன் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி, பானெட்டைத் தூக்கினார்.

"ரேடியேட்டரு அழுவுதுங்க சார்."

மேல்தொட்டியின் ஓரத்தில் மயிரிழை விரிசல். அதன் வழியே வெந்நீர் முத்து முத்தாக இறங்கியது. நாமக்கல்லில் ஈயம் ஊற்றுவார்கள், ஆனால் அங்கே லாரிகள் வரிசையில் நிற்கும், நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார். பஸ் என்றால் மூன்று மாறவேண்டும், கடைசியாக ஏறும் பஸ் பொழுது சாய்ந்துதான் கிளம்பும், இருட்டிய பிறகு போய்ச் சேரலாம். பாவாயி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பனோ சிரித்தபடி ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே எபாக்ஸிப் பசை, இரண்டு நிறத்தில் இரண்டு கட்டிகள். சம அளவு கிள்ளிப் பிசைந்து அப்பினால் கல்லாகிவிடும்.

வண்டி ஆறியதும் தண்ணீரை வாளியில் வடித்தார். உப்புத்தாளால் விரிசலைச் சுற்றித் தேய்க்க, கறுப்பு உதிர்ந்து பித்தளை பளிச்சென்று சிரித்தது.

"உங்க கையி பூராவும் கிரீசுங்கண்ணா. இங்க கொண்டாங்க. அஞ்சு படி மாவு பிசையறவ நானு" என்று பாவாயி பசையை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகியிருந்தது. அழகாக அப்பினாள். ஒரு மணி நேரம் வெயில் அதைச் சுட்டது. தண்ணீர் ஊற்றினோம். பசை முழுசாக, புண்ணின் பொருக்குப் போலக் கழன்று விழுந்தது.

சென்னியப்பன் அதை எடுத்து முகர்ந்தார். "ஏன் அம்மிணி, எண்ணெ வாசம் அடிக்குது?"

"கையில ஒட்டாம இருக்கட்டும்னு தேங்காயெண்ணெ தொட்டுக்கிட்டனுங்க. அதிரச மாவுக்கு அப்படித்தானுங்களே?"

"அதிரசம் கையில ஒட்டக்கூடாது, சரி. இது ரேடியேட்டர்லயும் ஒட்டக்கூடாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, அண்ணாந்து பொழுதைப் பார்த்தாள். டப்பாவில் இன்னும் ஒருமுறைக்கு மட்டுமே பசை இருந்தது.

கூடையில் மாப்பிள்ளைத் தலைக்கென்று சீயக்காய்ப் பொட்டலம் இருந்தது. "அண்ணன் தலைக்கு வேற அரைச்சுக்கலாம்" என்று அதைப் பிரித்தாள். முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். விரிசலையும் அதே பொடியால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் உலரவிட்டாள். பிறகு வெறும் கையால் பிசைந்தாள். விரல்களில் பசை இழுத்தது, விடவில்லை. இந்த முறை அவசரப்படாமல் காத்திருந்தோம். சென்னியப்பன் நகத்தால் சுண்டினார். டங்.

"கல்லாயிருச்சு. ஏறுங்க."

தண்ணீரை நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் தளர்வாகவே வைத்தார். இறுக்கினால் ஆவி பசையைப் பிய்த்துத் தள்ளிவிடுமாம். பம்புசெட் கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, மாட்டுவண்டியோடு பேச்சுக்கொடுக்கும் வேகத்தில் போனோம். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசை. "அந்தப் பக்கம் பாக்காதீங்க சார், வண்டிக்குப் பட்டறை ஆசை வந்துரும்" என்றார். பரமத்தி, அதையொட்டிய வேலூர். பிறகு வெற்றிலைக் கொடிக்கால்கள், வாழை, ஈரக்காற்று. காவிரி கண்ணில் படுமுன்பே மூக்கில் பட்டது.

பொழுது பனையுயரத்தில் இருந்தபோது பந்தல் தெரிந்தது. புதுச்சேலையில் பெரியப்பன் மகள் மணையருகே நின்றிருந்தாள்.

"வந்துட்டியா? நானே நின்னுருப்பனே!"

"உன்ற தம்பி கல்யாணத்துக்கு நில்லு. இப்பத் தள்ளு."

சேலைத் தலைப்பைப் பிடித்த பாவாயியின் விரல்களில் சாம்பல் நிறம் அப்பிக் கிடந்தது. மாப்பிள்ளை குனிந்து, "கையில என்ன புள்ள?" என்றான்.

"ரேடியேட்டரு."

பந்தலே சிரித்தது. அவளும்.

எங்கள் கடற்கரை ஊரில் படகின் பொத்தலை அடைக்கிறவர் கரையில் நின்றுவிடுவார். கடலுக்குப் போகிறவர் வேறு. இங்கே அடைத்த கையே ஏறி உட்கார்ந்து வந்தது. அந்த வித்தியாசத்தை மறுநாள் அணைமேல் நின்று, மதகு வழியே பாயும் நீரைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே, இரவு கார் நின்ற இடத்திலிருந்தே ஹாரன் அடித்தது. திரும்புகிற நேரம்.

இறங்கிப் போய், "ஒட்டு தாங்குமா?" என்று கேட்டேன்.

சென்னியப்பன் கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து, இரவெல்லாம் கார் நின்ற இடத்தைத் தடவி, உள்ளங்கையை என்னிடம் காட்டினார். காய்ந்த புழுதி.